அன்னாசிச் சாற்றில் நாலு சொட்டு உப்புநீர்: வெப்பமண்டல காக்டெய்ல்களின் நுணுக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறு தங்கும் விடுதியை நடத்துகிறோம். மாலையில் விருந்தினர்களுக்குப் பானம் கலந்து தருவது என் பொறுப்பு. மது பரிமாற எங்களிடம் உரிமம் கிடையாது; ஆகவே இங்கே கலப்பதெல்லாம் மதுவில்லாதவை. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளிலும் கலிபோர்னியாவிலும் ரம்மோடு பிறந்த பானங்களின் முறையைத்தான் பின்பற்றுகிறேன். விருந்தினர்கள், சேலத்திலிருந்து வரும் கேட்டரிங் மாணவர்கள், கல்யாண சமையல்காரர்கள் என்று பலரும் ஒரே கேள்விகளைக் கேட்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நல்ல பழச்சாறு, சர்க்கரை, எலுமிச்சை, வேண்டுமானால் ரம். இவை போதாதா? சொட்டுக் கணக்கில் சேர்ப்பவற்றுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

போதும், சர்பத்துக்கு. தாகம் தீரும். ஆனால் இரண்டாவது மிடறு முதல் மிடறைப் போலவேதான் இருக்கும். பாதிக் கோப்பையில் அலுத்துவிடும்.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற கறிச்சாற்றுச் சுவை, அவ்வளவுதான். அன்னாசியை அன்னாசி என்று சொல்வது மூக்கு. வாயில் இருக்கும்போதே தொண்டை வழியாக மணம் மேலேறி மூக்கை எட்டுகிறது. நம்பாவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு அன்னாசியை மென்று பாருங்கள். புளிப்பும் இனிப்பும் தெரியும், அன்னாசி தெரியாது.

வெப்பமண்டல பானங்கள் என்று உலகம் கொண்டாடுபவற்றில் பல, தீவில் பிறந்தவையே அல்ல. 1930-களில் ஹாலிவுட்டில் டான் பீச் என்பவர் நடத்திய பாரில் உருவான 'ஜோம்பி' அவற்றில் தலையாயது. 1934-ஆம் ஆண்டுச் செய்முறை என்று இன்று அறியப்படுவதில் மூன்று வகை ரம், எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட், லவங்கப்பட்டைப் பாகு எல்லாம் உண்டு. அவற்றோடு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்பு மசாலாச் சாறு ஒரு தெறிப்பு, சோம்பு மணமுள்ள பெர்னோ என்ற மது ஆறே சொட்டு. ஆறு சொட்டு! அத்தனை முரட்டு ரம்முக்கு நடுவில் அது என்ன செய்துவிடும் என்று தோன்றும். சாம்பாரில் பெருங்காயம் செய்வதைத்தான் செய்கிறது. தனியாகத் தெரியாது, இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்பது மட்டும் தெரியும். செய்முறையை யாரும் திருடிவிடக் கூடாது என்று டான் பீச் தன் கலவைப் புட்டிகளுக்குக் குறியீட்டுப் பெயர் வைத்திருந்தார். அவர் மறைத்தது ரம்மை அல்ல, இந்தச் சில்லறைச் சாமான்களை.

கோப்பை விளிம்பில் வைக்கும் கார்னிஷ் வெறும் அழகுக்குத்தானே?

பெரும்பாலான இடங்களில் ஆமாம். அதனால்தான் அது வீண்.

'மை டாய்' என்ற பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1944-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 'டிரேடர் விக்' எனப்பட்ட விக்டர் பெர்ஜெரான் கலந்தது. பழைய ஜமைக்கா ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மதுவான கியுராசோ, பாதாம் பாகு, சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான். அன்னாசி கிடையாது, அது பின்னால் ஹவாயில் சேர்ந்துகொண்டது. மேலே அவர் வைத்தவை இரண்டு. பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்று, புதினாக் கொத்து ஒன்று. பார்வைக்கு அது குட்டித் தீவும் அதில் ஒரு தென்னையும். ஆனால் வாய் வைக்கும்போது புதினா மணமும் எலுமிச்சைத் தோலின் எண்ணெய் மணமும் மூக்கில் ஏறிய பிறகே பானம் நாக்கைத் தொடுகிறது. பானத்துக்குள் ஒரு இலைகூட இல்லை. ஆனாலும் குடிப்பவருக்குப் புதினா ருசிக்கிறது.

ஆகவே என் விதி ஒன்றே ஒன்று: மூக்குக்கோ வாய்க்கோ வேலை இல்லாத எதையும் கோப்பைமேல் வைக்காதீர்கள்.

இதோடு இன்னொன்று. உறிஞ்சுகுழலை நீளமாக விட்டால் முகம் கோப்பையிலிருந்து அரை அடி தள்ளி நிற்கும். கொத்து வைத்ததே வீணாகிவிடும். குழலைக் குட்டையாக நறுக்கிப் புதினாவுக்குப் பக்கத்திலேயே சொருகுங்கள். குனிந்து உறிஞ்சும்போது மூக்கு இலைக்குள் புதைய வேண்டும்.

புதினாவைக் கசக்க வேண்டுமா, அப்படியே வைக்கலாமா?

இரண்டும் இல்லை. தட்ட வேண்டும்.

கொத்தின் நுனியை, நாலைந்து இலை அடுக்கோடு, கிள்ளி எடுங்கள். தண்டு விரல் நீளம் இருக்கட்டும். இடது உள்ளங்கையில் படுக்க வைத்து, வலது கையால் ஒரே தட்டு. இலையின் இருபுறமும் உள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து மணம் எழும், இலை கிழியாது. கைகளை முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். கசக்கினால் இலைச்சாறு வெளியேறி, பச்சைக் கசப்பு ஏறி, சில நிமிடங்களில் கறுத்தும் போகும்.

கொத்துமல்லிக் கட்டு வாங்குவதுபோலப் புதினா வாங்காதீர்கள். சமையலுக்கு முற்றிய தண்டு ஒன்றும் கெடுதல் இல்லை. பானத்துக்குத் தளிர் நுனிதான் வேண்டும். சேலத்து வெயிலில் வாங்கி மலையேறுவதற்குள் வதங்கிவிட்டால், தண்டின் அடியை நறுக்கிவிட்டு ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள், நிமிர்ந்துவிடும். பிறகு ஈரப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் மாலைவரை தாங்கும்.

புதினாவே வேண்டும் என்றும் இல்லை. திருநீற்றுப்பச்சிலை அன்னாசிக்கு அருமையாகப் பொருந்தும். துளசி எலுமிச்சைக்குச் சேரும், ஆனால் கிராம்பு வாடை அதில் இயல்பாகவே இருப்பதால் கிராம்புப் பாகு சேர்த்த பானத்தில் வேண்டாம். கற்பூரவல்லி மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. சளிக் கஷாயம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

வீட்டில் நாரத்தை மரம் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. வேப்பிலைக்கட்டிக்குப் பறிப்பதுபோல இளம் இலையாகப் பறித்து, நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு, ஒருமுறை முறுக்கிக் கோப்பையில் நிறுத்துங்கள். இதற்கு இணையான வாசனை எந்த இறக்குமதிப் புட்டியிலும் இல்லை.

எலுமிச்சையை வட்டமாக நறுக்கி விளிம்பில் சொருகினால் போதாதா?

நறுக்கிய வட்டத்தில் மணம் குறைவு. மணம் முழுவதும் தோலில், அதிலும் மேல்தோலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. உள்ளே வெள்ளையாக இருப்பது கசப்பு.

கூரிய கத்தியால் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு மேல்தோலைச் சீவுங்கள். வெள்ளைப் பகுதி ஒட்டிக்கொண்டு வந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். தோலின் வெளிப்பக்கம் பானத்தைப் பார்க்கும்படி, கோப்பைக்கு நாலு விரற்கடை மேலே பிடித்து, இரு விரல்களால் மடித்து நசுக்குங்கள். விளக்கின் எதிரே நின்று செய்தால் மெல்லிய தூறல் தெறிப்பது கண்ணுக்கே தெரியும். பானத்தின் மேல் மினுமினுப்பாக ஓர் எண்ணெய்ப் படலம் படரும். பிறகு அந்தத் தோலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிவிட்டு, வேண்டுமானால் உள்ளே போடலாம், இல்லாவிட்டால் வீசிவிடலாம். அந்த எண்ணெய் எளிதில் தீப்பற்றும். மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இந்த வித்தை வேண்டாம்.

நம் நாட்டு எலுமிச்சையைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க பார்களில் 'கீ லைம்' என்று தேடி வாங்குவதும் நம் தெருமுனைக் கடையில் கிடைப்பதும் ஒரே இனம். அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் பெரிய, விதையில்லாத பச்சைப் பழத்தைவிட இதற்குப் புளிப்பும் மணமும் அதிகம். தோல்தான் மெல்லிசு, சீவுவது கடினம். தோலுக்கு ஆரஞ்சையோ நாரத்தையையோ எடுத்துக்கொள்ளுங்கள். சாற்றுக்கு எலுமிச்சையே ராஜா.

இனிப்பான பானத்தில் உப்பு எதற்கு?

இதைக் கேட்பவர்களே தெருவில் அன்னாசிக் கீற்றுக்கு மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுச் சாப்பிடுபவர்கள்தான்! உப்பு கசப்பை அடக்கும். கசப்பு அடங்கினால் மறைந்திருந்த இனிப்பு தானாக மேலெழும். சர்க்கரையைக் கூட்டாமலே பானம் 'பழுத்தது' போலத் தோன்றும்.

தூளாகத் தூவினால் அளவு நிற்காது. 20 கிராம் உப்பை 80 மி.லி. தண்ணீரில் கரைத்து, சொட்டு மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவி அதில் ஊற்றி வையுங்கள். ஒரு கோப்பைக்கு மூன்று அல்லது நான்கு சொட்டு. உப்புக் கரிக்கிறது என்று யாராவது சொன்னால் அது அதிகம். கறுப்பு உப்பு மட்டும் வேண்டாம். அதன் கந்தக வாடை அன்னாசியை விழுங்கிவிடும். எலுமிச்சை சோடாவுக்கு அது சரி.

விளிம்பில் மிளகாய்–உப்பு ஒட்டுவதானால் பாதி வட்டத்துக்கு மட்டும், அதுவும் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். பிடிக்காதவர் மறுபக்கம் குடிக்கட்டும். உள்பக்கம் ஒட்டினால் பானத்தில் கரைந்து, கடைசி மிடறு ஊறுகாய் ஆகிவிடும்.

பிட்டர்ஸ் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதற்கு மாற்று என்ன?

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் 1824-இல் வெனிசுவேலாவில் யோஹான் சீகர்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் வயிற்று உபாதைக்காகத் தயாரித்த மருந்து. தயாரிப்பு பின்னர் டிரினிடாடுக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டது. அதில் மது 44.7 சதவீதம். சில சொட்டுதான் சேர்க்கிறோம் என்றாலும், மது அறவே கூடாது என்பவர்களுக்குச் சொல்லாமல் சேர்ப்பது நியாயமில்லை. டிரினிடாடின் 'குயின்ஸ் பார்க் ஸ்விசில்' பானத்தில் நொறுக்கிய ஐஸின் தலையில் இதைத் தாராளமாகத் தெளித்து, செம்பழுப்பாக ஒரு அடுக்கு நிற்கும்படி விடுவார்கள். பார்க்கவும் அழகு, முதல் மணமும் அதுதான்.

அது தருவது கசப்பும் மசாலாவும். இந்த மலையில் அவை இரண்டுக்கும் பஞ்சம் ஏது? சேர்வராயன் மலையில் 1820-களில் காக்பர்ன் என்ற ஆட்சியர் காலத்தில் ஊன்றிய காபிதான் என் பிட்டர்ஸ். சிக்கரி கலக்காத தூளில் இறக்கிய கெட்டி டிகாக்‌ஷன் ஒரு டீஸ்பூன் போதும். அன்னாசி, எலுமிச்சை, இஞ்சிப் பாகு கலந்த கோப்பையின் மேல் கரண்டியின் முதுகில் வழியவிடுங்கள். முதல் மணம் காபி, பின்னால் வருவது அன்னாசி. இரண்டும் ஒட்டாது என்று நினைப்பீர்கள். குடித்துவிட்டுச் சொல்லுங்கள். ரம்மும் அன்னாசியும் காபியும் சேரும் பானங்கள் கலிபோர்னியா பார்களிலும் பழைய வழக்கம்தான்.

காபி பிடிக்காதவர்களுக்கு: காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு கைப்பிடி, கிராம்பு நான்கு, லவங்கப்பட்டை ஒரு துண்டு, சோம்பு கால் டீஸ்பூன். 200 மி.லி. தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். கோப்பைக்கு அரை டீஸ்பூன். கசப்புக்காக நிலவேம்பைப் போடலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். போடலாம், பிறகு விருந்தினர் வரமாட்டார்கள்.

ஃபலேர்னம், ஓர்ஷா என்றெல்லாம் செய்முறைகளில் வருகிறதே?

ஃபலேர்னம் பார்படாஸ் தீவுக்காரர்களுடையது. எலுமிச்சைத் தோல், இஞ்சி, கிராம்பு, பாதாம் சேர்ந்த பாகு. ரம் சேர்த்தும் சேர்க்காமலும் செய்வார்கள். பொருள்களைப் படித்தாலே தெரியும், அத்தனையும் சேலம் லீ பஜாரில் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம். புட்டியாக இறக்குமதி செய்து வாங்குவது பணத்துக்குப் பிடித்த கேடு.

வீட்டில் செய்ய: இரும்புச் சட்டியில் மிகக் குறைந்த தணலில் பத்துக் கிராம்பைப் புரட்டுங்கள். நெடி மாறி இனிய வாசனை வந்ததும் இறக்குங்கள். புகை வந்தால் போயிற்று, கசக்கும். தட்டிய இஞ்சி இரண்டு விரல் அளவு, நாலு எலுமிச்சையின் சீவிய மேல்தோல், ஊறவைத்துத் தோலுரித்து அரைத்த பாதாம் பத்து, எல்லாவற்றையும் சூடான சர்க்கரைப் பாகில் போடுங்கள். சர்க்கரை ஒரு கோப்பை, தண்ணீர் ஒரு கோப்பை. அடுப்பை அணைத்த பிறகே போட வேண்டும். கொதித்தால் எலுமிச்சைத் தோலின் மணம் ஆவியோடு போய்விடும். ஆறு மணி நேரம் ஊறவிட்டு மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். கோப்பைக்கு 15 மி.லி.

ஓர்ஷா என்பது பாதாம் பாகு, கடைசியில் ஆரஞ்சுப் பூ நீர் சில சொட்டு. ஏலக்காயும் குங்குமப்பூவும் சேர்த்து நம் கடைகளில் விற்கும் பாதாம் சிரப் இதற்கு மாற்றல்ல. ஏலக்காய் எலுமிச்சையோடு சண்டை போடும். பூ நீருக்குப் பதில் பன்னீர் சேர்க்கலாம், ஆனால் உண்ணத் தகுந்தது என்று புட்டியில் குறித்திருக்க வேண்டும். கல்யாண மண்டப வாசலில் தெளிப்பதை ஊற்றிவிடாதீர்கள். பாதாம் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று கேட்காமல் இந்த இரண்டு பாகையும் யாருக்கும் தராதீர்கள்.

ஜாதிக்காய்த் தூள் புட்டியில் இருக்கிறது. அதைத் தூவலாமா?

தூவலாம், மரத்தூள் தூவிய பலன் கிடைக்கும். மணம் தரும் எண்ணெய் தூளாக்கியதும் பறக்கத் தொடங்கிவிடுகிறது. முழுக் காயை வாங்கி, பரிமாறும் நொடியில் துருவுங்கள். இஞ்சி துருவும் சின்னத் துருவியில் இரண்டு இழுப்பு போதும்.

ரம் 'பஞ்ச்' என்ற கலவைப் பானத்தின் மேல் ஜாதிக்காய் என்பது கரீபியன் தீவுகளில் எழுதப்படாத சட்டம். கிரெனடா நாடு தன் கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் 'பெயின்கில்லர்' பானத்தில் அன்னாசி, ஆரஞ்சு, தேங்காய் எல்லாம் கொழகொழவென்று இனிக்கும். மேலே துருவிய ஜாதிக்காய்தான் அந்த இனிப்புக்கு முதுகெலும்பு தருகிறது. ஒரு எச்சரிக்கை: சிட்டிகை அளவில் மட்டுமே. டீஸ்பூன் கணக்கில் உள்ளே போனால் குமட்டல், படபடப்பு, மயக்கம் என்று உண்மையிலேயே நஞ்சாகும்.

பினா கோலாடா செய்ய அன்னாசியோடு பால் சேர்த்தால் கசந்துவிடுகிறதே, ஏன்?

பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைச் சிதைப்பது அதன் வேலை. நிறையத் தின்றால் நாக்கு அரிப்பதும் அதனால்தான். பாலின் புரதத்தைச் சிதைக்கும்போது கசப்பு பிறக்கிறது. சாற்றைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செத்துவிடும். டப்பா அன்னாசியில் இந்தத் தொல்லை இல்லாததும் அதே காரணத்தால்தான். ஆனால் கொதித்த சாற்றில் புதுப்பழ மணம் இருக்காது.

அதைவிட, பாலை விட்டுவிடுங்கள். 1954-இல் போர்ட்டோ ரிக்கோவின் கரீபே ஹில்டன் விடுதியில் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பானத்துக்குத் தேவை இனிப்பூட்டிய தேங்காய்க் கிரீம்தான். அந்தத் தீவு 1978-இல் இதைத் தன் தேசிய பானமாகவே அறிவித்துவிட்டது. நமக்குத் தேங்காயின் முதல் பால் இருக்கிறது. கெட்டியாகப் பிழிந்து, சர்க்கரையோடு மூன்று சொட்டு உப்புநீரும் சேர்த்து, ஐஸ் போட்டுக் குலுக்கி உடனே பரிமாறுங்கள். வைத்திருந்தால் திரிந்து நிற்கும்.

சேலத்து மல்கோவாவில் என்ன சேர்த்தால் எடுபடும்?

மே மாதத்தில் அதிகம் வரும் கேள்வி. பதில் சிலருக்குப் பிடிக்காது: முடிந்தவரை ஒன்றும் சேர்க்காதீர்கள். மல்கோவாவுக்கும் இமாம் பசந்துக்கும் தங்கள் மணமே போதும். புதினா வைத்தால் அது மாம்பழத்தின் மேல் பற்பசை பூசுவதற்குச் சமம். எலுமிச்சைச் சாறு, உப்புநீர், மேலே ஏற்காட்டு மிளகு இரண்டு திருகு. அவ்வளவே. மாம்பழக் கூழ் கெட்டியாக இருப்பதால் மணம் மேலெழாமல் அமுங்கிக் கிடக்கும். ஐஸைச் சற்றுக் கூடுதலாகப் போட்டுக் குலுக்கி இளக்கினால் மணம் விடுபடும்.

பெங்களூரா மாதிரிச் சப்பையான பழமானால் தாராளமாக விளையாடலாம். அதற்கு இஞ்சி, மிளகாய், புதினா எல்லாம் தாங்கும்.

நன்னாரி சர்பத்தை இந்த வகைப் பானங்களில் பயன்படுத்தலாமா?

கட்டாயம். நன்னாரி வேரின் மணத்துக்கு முக்கியக் காரணமான வேதிப்பொருளும் வனிலாவின் மணப்பொருளான வனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை. அடுக்கு மட்டும் வேறு. வெளிநாட்டுச் செய்முறையில் வனிலா சிரப் என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நன்னாரியை ஊற்றலாம், அளவைப் பாதியாக்கி. அன்னாசி, எலுமிச்சை, தேங்காய் மூன்றுக்கும் சேரும். மாம்பழத்துக்குச் சேராது. வேரை ஊறவைத்துக் காய்ச்சியதாக இருக்க வேண்டும். செயற்கை எசென்ஸும் நிறமும் சேர்த்தது வாயில் சோப்பு வாடையை விட்டுச் செல்லும்.

சிவப்புச் செர்ரி, காகிதக் குடை, காயவைத்த ஆரஞ்சு வட்டம்?

குடை குழந்தைகளுக்கு. காய்ந்த ஆரஞ்சு வட்டம் புகைப்படத்துக்கு. மணம் எல்லாம் காய்ந்தபோதே போய்விட்டது. பேக்கரிச் சிவப்புச் செர்ரி பல சமயம் செர்ரியே அல்ல, சாயமேற்றிய களாக்காய். அதற்குப் பதில் உப்பிலிட்ட களாக்காயையே குச்சியில் குத்தி வையுங்கள். இனிப்புக்கு நடுவில் ஒரு கடி புளிப்பு. அது வேலை செய்யும் அலங்காரம்.

புகை கக்கும் பானம் கேட்டு வருபவர்களுக்கு இல்லை என்றுதான் சொல்வேன். திரவ நைட்ரஜனோ உலர்பனித் துண்டோ முழுதும் ஆவியாகும் முன் வயிற்றுக்குள் போனால் குடலையே புண்ணாக்கிவிடும்.

மலையில் இத்தனை பூ பூக்கிறதே, பறித்து வைக்கலாமா?

பேர் தெரியாத பூவை ஒருபோதும் வைக்காதீர்கள். அலங்காரத்துக்குத்தான், தின்ன அல்ல என்ற சமாதானம் செல்லாது. காம்பும் பாலும் பானத்தில்தானே நனைகின்றன.

ஊமத்தையும், வேலியோரம் மணிமணியாகத் தொங்கும் அதன் உறவான பெரிய எக்காளப் பூவும் விஷம். அரளி விஷம். நம் மாநில மலரான செங்காந்தளில் கால்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. உன்னிப்பூவும் வேண்டாம். வெளிநாட்டுப் படங்களில் கோப்பைமேல் சிரிக்கும் ஈழத்தலரியின் பாலும் தோலை எரிக்கும்.

வைக்கத் தகுந்தவை: செம்பருத்தி, துளசிப் பூங்கதிர், புதினாப் பூ, மருந்தடிக்காத பன்னீர் ரோஜா இதழ், சங்குப்பூ. கடையில் மாலைக்கு விற்கும் ரோஜா பூச்சிக்கொல்லியில் குளித்து வந்தது என்பதை மறக்க வேண்டாம். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீல நீரை ஐஸாக உறையவைத்து எலுமிச்சைப் பானத்தில் போட்டால், கரையக் கரைய ஊதா நிறமாகும். ருசி ஏதும் இல்லை. என் விதிக்கு இது ஒரு விலக்கு. பிள்ளைகள் கைதட்டுவதால் விட்டுவைத்திருக்கிறேன்.

அக்கா, கல்யாண வரவேற்புக்கு முந்நூறு பேருக்கு வரவேற்பு பானம் போட வேண்டும். இதெல்லாம் நடக்குமா?

நடக்கும் தம்பி. ஆனால் அண்டாவில் புதினாவை அள்ளிப் போட்டுக் கலக்குவதை முதலில் நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்தில் கறுத்து, பானம் கசந்துவிடும். கொத்தைத் தனித் தட்டில் ஈரத்துணிக்குள் வையுங்கள். பரிமாறும் பையன் ஒரு தட்டுத் தட்டிக் கோப்பையில் சொருகட்டும்.

150 மி.லி. கோப்பைக்கு மொத்தம் 45 லிட்டர் வரும். உப்பு 10 லிட்டருக்கு அரை டீஸ்பூன். கிராம்பு, பட்டை, மிளகாய் ஆகியவற்றை அளவைப் பெருக்கிப் போடாதீர்கள். பத்து மடங்கு பானத்துக்கு ஆறு ஏழு மடங்கில் தொடங்கி ருசி பாருங்கள். நேரம் ஆக ஆக ஏறும் சாமான்கள் அவை. துணி முடிச்சாகக் கட்டிப் போட்டால் நினைத்தபோது எடுத்துவிடலாம். எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள். ஐஸை அண்டாவில் கொட்டாமல் கோப்பையில் போடுங்கள், குடிநீரில் உறையவைத்த ஐஸாகப் பார்த்து. சேலத்து மே மாத மண்டபத்தில் ஐஸ் கரையும் வேகத்துக்கு, பானத்தைக் கொஞ்சம் தூக்கலாகவே கலந்து வைக்க வேண்டும்.

ஜாதிக்காய் துருவ ஒரு ஆளை நிறுத்த முடியாது என்பீர்கள். சரி, விட்டுவிடுங்கள். உப்பும் புதினாவும் இருந்தாலே வழக்கமான ஆரஞ்சு நிறத் தண்ணீருக்கு எவ்வளவோ மேல்.

ஜவ்வரிசி, சப்ஜா விதை?

ஜவ்வரிசிக்கே தலைநகரான ஊரில் இதைக் கேட்காமல் இருப்பார்களா! போடலாம். கண்ணாடிபோல வெந்ததும் குளிர்ந்த நீரில் அலசிப் பாகில் மிதக்கவிடுங்கள், ஒட்டாது. ஆனால் அது மெல்லுவதற்கு, மணத்துக்கு அல்ல. தேங்காய்ப் பானத்தில் மட்டும் பொருந்தும். சப்ஜா எலுமிச்சைப் பானங்களுக்கு.

நாங்கள் வீட்டில் ரம் சேர்த்துக் கலக்க விரும்புகிறோம். எதை மாற்ற வேண்டும்?

கோப்பைக்கு 45 மி.லி. போதும். நம் நாட்டு டார்க் ரம்களில் வனிலா வாடையும் இனிப்பும் முன்நிற்பதால் நன்னாரியை நீக்கிவிட்டு, பாகையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, எலுமிச்சையைக் கூட்டுங்கள். மது மணங்களைத் தூக்கிக் காட்டும்; கிராம்பையும் பாதியாக்குங்கள். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். குடித்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை இறக்குவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிழிந்த எலுமிச்சை மூடிகள் மலையாகக் குவிகின்றனவே, அவற்றை என்ன செய்வது?

பிழிவதற்கு முன்பே மேல்தோலைச் சீவிவிடுங்கள். தோலின் எடைக்குச் சம எடை சர்க்கரையைப் போட்டுப் பிசைந்து, மூடி, ஓர் இரவு வையுங்கள். சர்க்கரை தோலின் எண்ணெயை இழுத்து, காலையில் ஈரமாகப் பாகு கட்டியிருக்கும். கொஞ்சம் சாறு ஊற்றிக் கரைத்து வடிகட்டினால் எந்தப் பானத்திலும் சர்க்கரைக்குப் பதில் ஊற்றலாம். ஆரஞ்சு, நாரத்தை எதிலும் இதையே செய்யலாம். சீவிய பிறகு மிஞ்சும் மூடி ஊறுகாய்க்கு.